உச்சியில் எண்ணெய், நாவில் செம்பு

தீபாவளி நெருங்கினால் கடைகளில் ஒரு பரிசுப்பெட்டி கண்ணில் படுகிறது. செம்பில் வளைத்த நாக்கு வழிப்பான், ஒரு குப்பி மூலிகைத் தைலம், மரக் கைப்பிடி போட்ட சின்ன வெண்கலக் கிண்ணம். விலை கூடிய பெட்டியில் செம்புத் தண்ணீர் பாட்டிலும் உண்டு. நாட்டு மருந்துக்கடையில் ஒன்று, பாத்திரக்கடையில் ஒன்று என்று தேடி வாங்கிய சாமான்கள் இப்போது ஒரே பெட்டியில் வீட்டு வாசலுக்கே வருகின்றன. வேலைக்குப் போகும் பிள்ளைகள் ஆசையாக வாங்குகிறார்கள், நண்பர்களுக்கும் கொடுக்கிறார்கள். மகிழ வேண்டிய விஷயம்தான்.

பெட்டிக்குள் ஒரு துண்டுச்சீட்டும் இருக்கும். உடம்பின் நச்சு இறங்கும், முகம் பொலியும், தூக்கம் வரும், ஜீரணம் சீராகும் என்று பலன்கள் வரிசையாக அச்சாகியிருக்கும். யார் செய்யக் கூடாது, எப்போது கூடாது, எவ்வளவோடு நிறுத்த வேண்டும் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இருப்பதில்லை.

நம் பாட்டிமார்கள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கும்போதே கேள்வியும் கேட்டார்கள். நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "உடம்பு கதகதன்னு இருக்கே, இன்னிக்கு வேண்டாம்" என்று கிண்ணத்தைத் திரும்ப வைத்தார்கள். ஆயுர்வேத நூல்களும் அப்படியே. அஷ்டாங்க ஹிருதயத்தில் வாக்படர் தினசரி ஒழுக்கத்துக்கென்றே ஒரு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். நாள்தோறும் எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொல்லும் அவர், கபம் மிகுந்தவர், அஜீரணத்தில் இருப்பவர், பேதி, வாந்தி முதலிய சுத்தி சிகிச்சை முடித்த கையோடு இருப்பவர் ஆகியோருக்கு அது கூடாது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுகிறார். பலனும் விலக்கும் சேர்ந்து வந்த அறிவு இது. பாதியை மட்டும் பெட்டியில் போட்டு விற்பதால் வரும் சேதம் சின்னதல்ல. அதனால் இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

காதால் காய்ச்சும் எண்ணெய்

கடைத் தைலத்தின் விலை ஏன் இவ்வளவு என்று கேட்பவர்கள், அது காய்ச்சப்படும் விதத்தைத் தெரிந்துகொண்டால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வார்கள்.

மூலிகையை எண்ணெயில் போட்டுப் பொரிப்பதற்குப் பெயர் தைலம் இல்லை. ஆயுர்வேத நூலாசிரியர் சார்ங்கதரர் தரும் கணக்கு இப்படி: அரைத்த மூலிகை விழுதான கற்கம் 1 பங்கு, எண்ணெய் 4 பங்கு, கஷாயமோ பாலோ சாறோ ஆன திரவம் 16 பங்கு. எண்ணெயைப் போல நாலு மடங்கு திரவம். அத்தனையும் சிறு தீயில் வற்ற வேண்டும். ஒரே நாளில் முடிக்காதே என்றும் சாஸ்திரம் கட்டளையிடுகிறது. இன்று பாதி காய்ச்சி இறக்கி, இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் மீண்டும் அடுப்பேற்றுவார்கள். அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க ஒரு ஆள் வேண்டும்.

கடைசிக் கட்டத்தில்தான் வித்தை. நீர் இருக்கும்வரை கலவையின் சூடு ஏறத்தாழ 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். நீர் தீர்ந்த கணத்திலிருந்து சூடு விறுவிறுவென்று ஏறும். அந்தக் கணத்தைத் தவறவிட்டால் மூலிகை கருகி, இரண்டு நாள் உழைப்பும் வீண். நீர் மிச்சமிருக்கும்போதே இறக்கினால் குப்பிக்குள் போன பிறகு எண்ணெய் கெடும். தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் இதற்கு மூன்று சோதனைகள் வைத்திருந்தார்கள். எண்ணெய் காயும்போது வரும் சடசடப்பு அடங்க வேண்டும், அடங்கும் நேரத்தில் மேலே நுரை கட்ட வேண்டும். கற்கத்தில் கொஞ்சம் எடுத்து விரலிடுக்கில் உருட்டினால் திரியாகத் திரள வேண்டும். அந்தத் திரியைத் தீயில் காட்டினால் வெடிக்காமல் எரிய வேண்டும். வெடித்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. பழகிய கைக்கு இத்தனையும் வேண்டாம், சத்தம் மாறும்போதே தெரிந்துவிடும்.

கற்கம் எந்த நிலையில் இருக்கும்போது இறக்குகிறோம் என்பதைப் பொறுத்து மெழுகு பதம், மணல் பதம் என்று பெயர். உருட்டினால் மெழுகாகத் திரள்வது ஒரு பதம், இன்னும் காய்ந்து மணலாக உதிர்வது அடுத்த பதம். மூக்கில் விடுவதற்கு இளம்பதம், உள்ளுக்குக் குடிப்பதற்கு நடுப்பதம், மேலுக்குத் தேய்ப்பதற்கு முதிர்ந்த பதம் என்று பழைய நூல்கள் பயன்பாட்டையும் பிரித்து வைத்தன. ஒரே மூலிகை, ஒரே எண்ணெய். இறக்கும் நேரம் மாறினால் வேலையும் மாறுகிறது.

இதன் உச்சம் க்ஷீரபலா. குறுந்தோட்டி வேர், பால், நல்லெண்ணெய் இவ்வளவுதான் சரக்கு. காய்ச்சி வடித்த எண்ணெயிலேயே புதிய கற்கமும் பாலும் சேர்த்துத் திரும்பக் காய்ச்சுவார்கள். இப்படித் திரும்பத் திரும்ப 101 முறை செய்ததுதான் ‘க்ஷீரபலா 101 ஆவர்த்தி’ என்று மிகச்சிறிய குப்பிகளில் வருவது. சொட்டுக் கணக்கில் பயன்படுத்தும் மருந்து அது. மேலெல்லாம் பூசும் எண்ணெய் என்று நினைத்து வாங்கிவிடக் கூடாது.

முன்பெல்லாம் கேரளத்தில் வைத்தியர் சரக்குப் பட்டியல் எழுதிக் கொடுப்பார், எண்ணெயை வீட்டில்தான் காய்ச்சிக்கொள்ள வேண்டும். 1902இல் பி.எஸ். வாரியர் கோட்டக்கல்லில் ஆர்ய வைத்தியசாலையைத் தொடங்கி, தயார் நிலையில் மருந்தைக் குப்பியில் கொடுக்க ஆரம்பித்தது பெரிய திருப்பம். 1943இல் கோயம்புத்தூரில் பி.வி. ராம வாரியர் ஆர்ய வைத்திய பார்மஸியைத் தொடங்கினார். அடுத்த வருடமே சென்னையில் வைத்தியர்கள் கூடிக் கூட்டுறவு முறையில் இம்காப்ஸ் அமைத்தார்கள். சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகள் அங்கே ஒரே கூரையின் கீழ் தயாராகின்றன. வெண்கல உருளியும் செம்பு வார்ப்பும் இருந்த இடத்துக்கு நீராவியில் சூடாகும் எவர்சில்வர் கொப்பரைகள் வந்துவிட்டன. பதம் பார்க்கும் விரல் மட்டும் இன்னும் தேவைப்படுகிறது.

அடிப்படை எண்ணெய் ஏன் பெரும்பாலும் நல்லெண்ணெய்? தாவர எண்ணெய்களில் அதுவே வலுவுக்கும் வழவழப்புக்கும் சிறந்தது என்பது ஆயுர்வேத ஆசிரியர் சரகரின் தீர்ப்பு. வேதியியலும் அதற்கு ஒரு காரணம் சொல்கிறது. எள்ளில் உள்ள செசமின், செசமால் போன்ற பொருள்கள் எண்ணெய் சிக்குப் பிடிப்பதைத் தாமதப்படுத்துகின்றன. பல மணி நேரம் காய்ச்சி, பல மாதம் வைத்திருக்க வேண்டிய எண்ணெய்க்கு இது பெரிய தகுதி. தேங்காய் எண்ணெய் கேரளத்தின் விருப்பம். குளிர்ச்சி வேண்டிய தலைக்கும் தோலுக்கும் அதில் காய்ச்சுவார்கள். முடிக்குப் போடும் நீலிபிருங்காதி, அடிபட்ட இடத்துக்குப் போடும் முறிவெண்ணெய், ஆல், அரசு, அத்தி, இத்தி என்ற நாலு மரப்பட்டைகளை வைத்துக் காய்ச்சும் நால்பாமராதி எல்லாம் இந்த வழியில் வருகின்றன. பிரசவித்த பெண்ணுக்கும் வாத வலிக்கும் போடும் தன்வந்தரமோ நல்லெண்ணெய் வழி. சுக்குத் தைலமும் அரக்குத் தைலமும் நம் பக்கத்துச் சித்த மருத்துவத்தின் சொத்து.

புதனும் சனியும், செவ்வாயும் வெள்ளியும்

எண்ணெய்க் குளியல் ஆண்களுக்குப் புதன், சனி. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. இந்தக் கிழமைக் கணக்கை வானசாஸ்திரத்தில் தேடுவதைவிட வீட்டு நிர்வாகத்தில் தேடுவது பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. கூட்டுக் குடும்பத்தில் ஒரே நாளில் எல்லாருக்கும் வெந்நீர் போட முடியாது. வாரத்தில் இரண்டு முறை என்பதும் அதில் தானாக அமைந்துவிடுகிறது. நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு என்று சித்த மருத்துவர் தேரையர் தன் பிணியணுகா விதியில் வைக்கும் கணக்குக்கு இது நெருங்கி வருவதையும் கவனிக்கலாம். ஆயுர்வேதம் தினமும் என்கிறது, சித்தம் நாலு நாள் என்கிறது. தலை, காது, பாதம் மூன்றிலும் விசேஷமாகத் தேய்த்துக்கொள் என்று வாக்படர் சொல்வதை, தினமும் உடம்பு முழுக்கத் தேய்க்க முடியாதவர்கள் ஒரு சலுகையாக எடுத்துக்கொள்ளலாம். இரவு படுக்கப் போகுமுன் உள்ளங்காலில் ஒரு துளி எண்ணெய் தேய்ப்பது இந்தச் சலுகையின் மிச்சம்தான். அலுவலகமும் பள்ளியுமாக ஓடும் இன்றைய வீட்டுக்கு இதைவிட எளிய இடம் தொடங்குவதற்கு இல்லை.

செய்முறையில் பெரிய ரகசியம் ஏதும் கிடையாது. நல்லெண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி வெந்நீரில் வைத்துச் சூடேற்றலாம். சீரகமோ நாலு மிளகோ போட்டு அடுப்பிலேயே காய்ச்சி ஆறவைக்கும் வீடுகளும் உண்டு. உச்சியில் வைத்து, பின்பு உடம்பில் கைகால்களுக்கு நீளவாக்கிலும் மூட்டுகளுக்கு வட்டமாகவும் தேய்க்க வேண்டும். அரை மணி நேரம் ஊறினால் போதும். பிறகு சீயக்காய் அல்லது அரப்பு. இரண்டிலும் உள்ள சபோனின் நுரைத்து எண்ணெயை எடுக்கும். சோப்பைப் போலக் காரத்தன்மை இல்லாததால் தோலை உலர்த்தி விடுவதில்லை. உடம்புக்குப் பச்சைப்பயறு மாவு.

தண்ணீரில் ஒரு நுணுக்கம் உண்டு. எண்ணெய் தேய்த்தால் வெந்நீரில்தான் குளிக்க வேண்டும் என்பது தேரையர் வழி. கழுத்துக்குக் கீழே ஊற்றும் வெந்நீர் பலம் தரும், அதே நீரைத் தலையில் ஊற்றினால் கண்ணுக்கும் முடிக்கும் கேடு என்பது வாக்படர் வழி. தலைக்கு வெதுவெதுப்பு, உடம்புக்குச் சூடு என்று வைத்துக்கொண்டால் இருவருக்கும் பழுதில்லை.

குளித்து வந்த பிறகு பகலில் தூங்கக் கூடாது, மோர் தயிர் வேண்டாம், மிளகு ரசம் வை, வெயிலில் அலையாதே. இந்த விதிகளில் ஒவ்வொன்றையும் விஞ்ஞானத்தால் நிரூபிக்க முயல்வது வீண் வேலை. ஆனால் அவற்றின் மொத்த விளைவு கண்கூடு. வாரத்தில் ஒரு அரைநாள் உடம்புக்கென்று ஒதுக்கப்பட்டது. சாப்பாடு இலகுவானது, அலைச்சல் குறைந்தது. சனிக்கிழமை காலை அவசரமாக எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டுப் பைக்கில் எதிர்க்காற்றில் நாற்பது கிலோமீட்டர் போகிறவருக்கு அந்தக் குளியலில் பாதிதான் கிடைக்கிறது.

ஆய்வு என்ன சொல்கிறது? 2003இல் ஜர்னல் ஆஃப் காஸ்மெட்டிக் சயின்ஸ் இதழில் வந்த ஒரு கட்டுரை அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டதில், முடியிலிருந்து புரதம் கழன்று போவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே நன்றாகக் குறைத்தது. அதிலுள்ள லாரிக் அமிலம் சின்ன, நேரான மூலக்கூறு என்பதால் முடித்தண்டுக்குள் புக முடிகிறது. ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தினர் என்பதையும் வாசகர் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் முடிவு பொய்யாகிவிடாது, ஆனால் அது சொல்லும் எல்லையை மீறக் கூடாது. முடி உடையாமல் காப்பது வேறு, புதிதாக முளைக்க வைப்பது வேறு. இரண்டாவதைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒன்றும் இல்லை.

பொடுகுள்ள தலையில் எண்ணெய் ஊற்றி ஊறவைப்பது நல்லதல்ல. பொடுகோடு தொடர்புள்ள மலாசீசியா பூஞ்சைக்குக் கொழுப்பு அமிலமே உணவு. முகப்பரு வரும் தோலுக்குத் தேங்காய் எண்ணெய் ஒத்துவராது. காலில் திடீரென்று ஒரு பக்கம் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால் தேய்த்து நீவக் கூடாது. ரத்தக்கட்டாக இருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. சர்க்கரை நோயாளிக்கு உள்ளங்காலில் எண்ணெய் தேய்ப்பது தினமும் பாதத்தைப் பார்த்துத் தடவும் நல்ல பழக்கம். ஆனால் விரலிடுக்குகளை விட்டுவிட வேண்டும், அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். எண்ணெயின் சூட்டைக் காலால் பார்க்காமல் கையால் பார்க்க வேண்டும், மரத்துப்போன பாதம் சுடுவதை அறியாது. வீட்டில் முதியவர் இருந்தால் இன்னொன்று: எண்ணெய்க் காலோடு டைல்ஸ் போட்ட குளியலறைக்குள் நடக்க விடாதீர்கள். ஆற்றங்கரையிலும் கிணற்றடிக் கல்லிலும் குளித்த காலத்து வழக்கம், வழுவழுப்பான தரைக்கு வரும்போது ஒரு நாற்காலியும் கைப்பிடியும் கேட்கிறது.

குழந்தை மூக்கில் ஒரு சொட்டு

குளிப்பாட்டிய கையோடு பச்சிளங்குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது தமிழ்நாட்டில் இன்றும் நிற்கவில்லை. சளி வராது என்ற நம்பிக்கை. நடப்பதோ தலைகீழ். எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கும்போது இருமல் எழுவதில்லை. தண்ணீர் புகுந்தால் உடனே புரையேறும் உடம்பு, வழவழப்பான எண்ணெயை எதிர்க்காமல் உள்ளே விட்டுவிடுகிறது. நுரையீரலில் தங்கிய எண்ணெய் ஒருவகை நிமோனியாவை உண்டாக்குகிறது. தென்னிந்தியக் குழந்தைகளிடம் இதைக் கண்டு 1973லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிவிட்டார்கள். அரை நூற்றாண்டு கடந்தும் குழந்தை மருத்துவர்கள் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மூக்கில் மருந்திடும் நசியத்தைச் சிகிச்சையாக வளர்த்தெடுத்த ஆயுர்வேதம் இங்கே என்ன சொல்கிறது என்று பார்த்தேன். ஏழு வயதுக்குக் கீழேயும் எண்பதுக்கு மேலேயும் நசியம் கூடாது என்று அஷ்டாங்க ஹிருதயம் வயதுக் கட்டுப்பாடு வைக்கிறது. எண்ணெய் கொப்பளிப்பதற்கும் ஐந்து வயது ஆக வேண்டும் என்கிறது. அதே நூல், இரண்டு சொட்டு மட்டும் விடும் பிரதிமர்சம் என்ற மென்மையான முறையைப் பிறப்பு முதல் அனுமதிக்கவும் செய்கிறது. ஆகவே நூல் முழுவதும் ஒரே பக்கம் நிற்கிறது என்று சொல்லிவிட முடியாது. எக்ஸ்ரேயைப் பார்க்க வாய்ப்பில்லாத காலத்தில் எழுதியவருக்கு எண்ணெய் நுரையீரலில் தங்குவது தெரிய வழியில்லை, நமக்குத் தெரிந்துவிட்டது. குழந்தையின் மூக்கில் ஒரு சொட்டும் வேண்டாம்.

கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயைக் குழந்தையின் மார்பில் தடவுவதையும் இதோடு நிறுத்த வேண்டும். கற்பூரம் தோல் வழியாகவே உள்ளே போகும். சிறு குழந்தைகளுக்கு அது வலிப்பை உண்டாக்கக்கூடிய நஞ்சு. வெறும் எண்ணெய், இளம் சூடு, மெல்லிய கை, இவை போதும். மும்பையில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பார்த்து 2005இல் வெளியிட்ட ஆய்வில் அவர்களின் எடை கூடும் வேகம் அதிகமாக இருந்தது. தாய்மாரின் கைப்பழக்கத்தில் நியாயம் இருக்கிறது. அந்தக் கை மூக்குக்கும் காதுக்கும் போகாமல் இருந்தால் போதும்.

ஐந்து உலோகத்தில் ஒன்று

செம்பு நாக்கு வழிப்பானுக்கு இன்று கிடைத்திருக்கும் மவுசு சரகரே எதிர்பாராதது. பொன், வெள்ளி, செம்பு, தகரம், பித்தளை இவற்றில் எதில் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். அவர் வற்புறுத்தியது வடிவத்தை: கூர்மை கூடாது, வளைந்திருக்க வேண்டும். நாக்கின் பின்பகுதியில் வெள்ளையாகப் படிவது பாக்டீரியா, உதிர்ந்த செல்கள், உணவுத் துகள்களின் கலவை. அங்கே உருவாகும் கந்தகச் சேர்மங்களால்தான் வாய் நாறுகிறது. வழித்து எடுத்தால் நாற்றம் குறையும். இது குறித்து வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2006ஆம் வருடத்துக் காக்ரேன் மதிப்பீடு, பல் துலக்கும் பிரஷைவிட வழிப்பான் சற்று மேல் என்றது. ஆனால் வித்தியாசம் சிறியது, பலனும் கொஞ்ச நேரத்துக்கே என்றது.

செம்பு கிருமியைக் கொல்லும் என்பது உண்மை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008இல் செம்புக் கலவைகளைக் கிருமி எதிர்ப்புப் பரப்புகளாகப் பதிவு செய்தது. அந்தப் பதிவுக்கான சோதனையில் பாக்டீரியாக்கள் சாக இரண்டு மணி நேரம் வரை அவகாசம் தரப்பட்டது. நாக்கில் வழிப்பான் இருப்பதோ பத்து நொடி. ஆகவே வாய்க்குள் வேலை செய்வது வழிக்கும் செயல்தான். செம்பின் பலன் வேறிடத்தில்: கழுவித் தொங்கவிட்ட பிறகு மறுநாள் காலை வரை அதன்மேல் கிருமி தங்காமல் இருக்க உதவுகிறது. எவர்சில்வர் வழிப்பான் வைத்திருப்பவர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுச் செம்புக்கு மாற வேண்டிய அவசியம் இல்லை.

இரு கையாலும் இரு முனையைப் பிடித்து, பின்னிருந்து முன்னுக்கு மெதுவாக ஐந்தாறு தடவை இழுங்கள். ரத்தம் வந்தால் அழுத்தம் அதிகம். வாய்ப்புண் இருக்கும்போது வேண்டாம். பச்சையாகக் களிம்பு ஏறினால் புளியோ எலுமிச்சையும் உப்புமோ போட்டுத் தேய்த்து நன்றாகக் கழுவிவிட வேண்டும். ஓரம் நெளிந்து கூராகிவிட்டால் பழைய செம்பு எடுக்கும் கடைக்குக் கொடுத்துவிடலாம்.

எண்ணெய் கொப்பளிப்பைப் பற்றிச் சுருக்கமாக: சென்னையின் பல் மருத்துவ ஆய்வாளர்கள் 2008இல் நல்லெண்ணெயில் கொப்பளித்த வளரிளம் பருவத்தினரின் வாயில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற சொத்தைக் கிருமியின் எண்ணிக்கை குறைந்ததைக் காட்டினார்கள். சிறிய ஆய்வு. பல் துலக்குவதற்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், மாற்றாக அல்ல. புரையேறக்கூடிய முதியவர்களும் சிறு குழந்தைகளும் தவிர்க்க வேண்டும். காரணம் மேலே மூக்கில் விடும் எண்ணெய்க்குச் சொன்னதே.

செம்புக் குடத்தின் இரு பக்கம்

பெங்களூரில் உள்ளூர் மருத்துவ மரபுகளை ஆராயும் எஃப்.ஆர்.எல்.எச்.டி. அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் 2012இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குடிநீரில் காலரா, டைபாய்டு, ஷிகெல்லா முதலிய வயிற்றுப்போக்குக் கிருமிகளை வேண்டுமென்றே கலந்து, செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்தார்கள். வளர்த்துப் பார்த்தபோது ஒரு கிருமியும் உயிரோடு கிடைக்கவில்லை. நீரில் கரைந்த செம்பின் அளவு லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்கும் குறைவு. உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் உச்ச வரம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம். இரவில் ஊற்றி மறுநாள் குடிக்கும் நம் வழக்கத்துக்கு இவ்வளவு தெளிவான சான்று கிடைத்திருப்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது. குழாய் நீர் நம்ப முடியாத ஊர்களில் மின்சாரமும் வடிகட்டியும் கேட்காத ஒரு காவல் அது. உப்பு, ஃபுளோரைடு, பூச்சிமருந்து இவற்றையெல்லாம் செம்பு நீக்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். உள்ளே பளபளப்புப் பூச்சு அடித்த பாட்டில் என்றால் தண்ணீர் செம்பைத் தொடவே தொடாது.

இதே செம்பு ஒரு காலத்தில் இந்தியக் குழந்தைகளைக் கொன்றது. ஒன்று முதல் மூன்று வயதுக்குள் வயிறு வீங்கி, ஈரல் இறுகி, மஞ்சள் காமாலையில் முடியும் நோய் அது. இந்தியக் குழந்தை ஈரல் சுருக்கம் என்று மருத்துவ நூல்களில் நம் நாட்டின் பெயரோடு இடம்பெற்றது. சென்னையின் ஜம்மி லிவர் க்யூர் என்ற மருந்து வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானது இந்த நோயின் பயத்தால்தான். 1983இல் லான்செட் இதழில் டானர் என்ற மருத்துவரும் புனே மருத்துவர்களும் ஒரு காரணத்தை முன்வைத்தார்கள். தாய்ப்பாலை விட்டு, ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த மாட்டுப்பாலைக் கைக்குழந்தைக்கு ஊட்டியிருக்கிறார்கள். பாலிலுள்ள கேசின் புரதம் செம்பைப் பிணைத்துக்கொள்ளும். நாள் முழுக்க அந்தப் பாத்திரத்தில் நின்ற பால், குழந்தையின் ஈரலில் செம்பைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. எவர்சில்வரும் அலுமினியமும் அந்த இடத்தைப் பிடிக்கப் பிடிக்க நோய் மறைந்தே போனது.

நீருக்குக் காவலாக நின்ற உலோகம் பாலுக்கு விஷமானது. நம் சமையற்கட்டுக்கு இந்த வேறுபாடு அடியோடு தெரியாமலும் இல்லை. "ஈயம் பூசறதே..." என்று தெருவில் குரல் கேட்டால் குண்டானும் தவலையும் வாசலுக்கு வந்ததெல்லாம் எதற்காக? பாத்திரத்தைக் கரி அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, நவச்சாரப் பொடி தூவி, வெள்ளை வெள்ளையாகப் புகை எழும்போது உருகிய வெள்ளீயத்தைத் துணியால் ஒற்றி உள்பக்கம் பூராவும் பூசுவார்கள். புளிக்குழம்பும் ரசமும் செம்பைத் தொடாமல் இருக்கத்தான் அந்தத் திரை. பூச்சு தேய்ந்த பாத்திரத்தில் புளி போட்டுச் சமைக்காதே என்பது எழுதாத சட்டம். ஈயம் பூசும் கைகள் இன்று அருகிவிட்டன. கிடைத்தாலும் ஈயத்தில் காரீயம் கலக்காத ஆளிடம் கொடுக்க வேண்டும்.

ஆகவே செம்பில் வெறும் தண்ணீர் மட்டும். எலுமிச்சைச் சாறு, மோர், பழரசம், ரசம் எதுவும் அதில் நிற்கக் கூடாது. உடம்பில் செம்பு சேரும் வில்சன் நோய் உள்ளவர்கள் செம்புப் பாத்திரத்தையே தொட வேண்டாம். கைக்குழந்தைக்கான பாலும் தண்ணீரும் எவர்சில்வரில்.

பெட்டியில் வரும் வெண்கலக் கிண்ணத்துக்குப் பூர்வீகம் குஜராத்தும் வட இந்தியாவும். அங்கே காசா வாட்கி என்ற கிண்ணத்தின் அடியால் நெய் தடவிய உள்ளங்காலைத் தேய்ப்பார்கள். செம்பு 78, வெள்ளீயம் 22 என்பது அந்தக் கலவையின் விகிதம். வெள்ளீயம் இப்படி மிகுந்த வெண்கலம் நமக்கும் புதிதல்ல, ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியின் பழங்கால ஈமக் குழிகளிலும் கிடைத்த பாத்திரங்களில் அது இருக்கிறது. தேய்க்கத் தேய்க்கப் பாதம் சாம்பல் நிறமாவதைக் காட்டி, உடம்பின் நச்சு வெளியேறுகிறது என்று விற்கிறார்கள். உலோகமும் நெய்யின் கொழுப்பு அமிலமும் வியர்வையும் சேர்ந்து உண்டாகும் கறைதான் அது. அசந்த காலுக்கு அந்தத் தேய்ப்பு சுகம் தரும், தூக்கமும் வரலாம். அதற்காக வாங்குங்கள்.

வாங்கும்போது

தைலக் குப்பியைத் திருப்பிப் பார்த்தால் ஆயுர்வேத மருந்து அல்லது சித்த மருந்து என்ற குறிப்பு, தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள், சரக்குகளின் பட்டியல், தயாரித்தவரின் முழு முகவரி இவை அனைத்தும் இருக்க வேண்டும். அழகுசாதனம் என்ற பெயரில் வரும் எண்ணெய்க்கு விதிகள் வேறு. அது மருந்துத் தைலத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டிருந்தாலும் மருந்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்திராது. சரக்குப் பட்டியலில் முதல் பெயர் நல்லெண்ணெயா, தேங்காய் எண்ணெயா, கனிம எண்ணெயா என்று பாருங்கள். சிக்கு வாடை அடித்தாலோ, பூசினால் அரித்தாலோ தேதி மீதமிருந்தாலும் விட்டுவிடுங்கள். புதிய தைலம் எதையும் முழங்கையின் உட்பக்கம் தடவி ஒரு நாள் காத்திருந்து பார்த்த பிறகே உடம்பு முழுக்கப் பூச வேண்டும். கர்ப்பிணிகளும், வேறு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வைத்தியரிடம் கேட்டுத் தைலத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். கேட்க ஆள் இல்லாத இடத்தில் செக்கில் ஆட்டிய வெறும் நல்லெண்ணெயே போதுமானது.